பூச்சியம் போட்ட இடம்

அந்தப் படிவத்தில் ஏழு வரிகள். அழகு, ஓய்வு, வழிபாடு, விளையாட்டு, கல்வி, இறந்தோர் நினைவு என்று ஆறு. ஏழாவது வரி, "பயன் எதுவும் கூறப்படவில்லை". முதல் ஆறுக்கும் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி இடலாம். ஏழாவதில் சரி அடையாளம் போட்டால் மேலே உள்ள ஆறும் தாமாகவே பூச்சியமாகிவிடும். கணினியில் அப்படி அமைத்தவள் நான். கட்டங்களை வரைந்ததும் தமிழில் தட்டச்சுச் செய்ததும் நான்தான். எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குள் அடக்கியதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மீள்குடியேற்ற வேலைகளைக் கவனித்த ஒரு கந்தோரில் நான் வரைபடம் வரைபவள். தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை படித்திருந்தேன். வீடு பள்ளிமுனையில், கந்தோர் மன்னார் நகரத்தில். காலையில் சைக்கிளில் போகும்போது நடுத்தெருவில் நிற்கும் கழுதைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். என் மேசையில் மூன்று பட்டியல்கள் எப்போதும் இருக்கும்: இன்று முடிக்க வேண்டியவை, இன்று முடியாதவை, யாரிடமாவது கேட்க வேண்டியவை. மூன்றாவது பட்டியல்தான் எப்போதும் குட்டையாக இருக்கும்.

வேலை தீவைத் தாண்டிப் பெருநிலத்தில், வெள்ளாங்குளத்துக்குத் தெற்கே இருந்த ஒரு வயற்கிராமத்தில். சனங்கள் போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து ஒரு போகம் விதைத்து வெட்டியிருந்தார்கள். தகரக் கொட்டில்களுக்குள் நெல்மூடைகளுக்குப் பக்கத்தில் படுத்தார்கள். அவர்களுக்கு ஒரு நெற்களஞ்சியம் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பொது நிலம் வேண்டும். எந்த நிலத்தை எடுப்பது என்று தீர்மானிக்கத்தான் அந்தப் படிவம். தங்கள் சுற்றுப்புறத்திலிருந்து காசாக மாறாத என்னென்ன பயன்கள் கிடைக்கின்றன என்று ஊரவரிடம் கேட்டு, ஐந்து பொது இடங்களுக்குப் புள்ளி இட வேண்டும். ஆகக் குறைந்த புள்ளி எடுக்கும் இடத்தில் களஞ்சியம்.

ஐந்து இடங்களும் இவை: குளக்கட்டு, பிள்ளையார் கோயிலடி மருதமரங்கள், பழைய பள்ளிக்கூடத் திடல், கடற்பக்கத்துக் கண்டல் ஓடை, உடைவெட்டை.

உடைவெட்டை என்பது ஊர் முடிந்து தெற்கே போகும் பாதையோரம் கிடந்த உவர்நிலம். கொஞ்சம் மேடு. குடை விரித்ததுபோல் தட்டையான தலையோடு பதினொரு உடைமரங்கள் அங்கே நின்றன. முள் மரங்கள், நிழல் என்று சொல்லும்படியாகவும் இல்லை. அவற்றின் கீழே பனங்குற்றிகள் வரிசையாகக் கிடந்தன. பதுங்குகுழிகளுக்கு மூடியாக இருந்தவற்றை ஊரவர்கள் கிண்டி எடுத்து உருட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள்.

முதலில் குளக்கட்டில் தொடங்கினேன். ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துத் தலைவர் கூட வந்தார். எழுபது வயது இருக்கும். படிவத்தை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"குளத்தின்ரை அழகுக்கு எத்தினை போடப்போறீர் பிள்ளை?"

"நீங்கள்தான் சொல்லவேணும் ஐயா."

"அஞ்சுக்கு அஞ்சு போடும். நான் சோதினையில எடுக்காததைக் குளமாவது எடுக்கட்டும்."

"ஓய்வு?"

"வெய்யிலுக்குள்ள வயல்ல நிண்டவன் கட்டில ஏறினா ஓய்வுதானே. எருமையும் அதுக்குத்தான் தண்ணிக்குள்ள இறங்குது. அதின்ரை புள்ளியையும் சேர்த்துப் போடுமன்."

குளம் இருபத்தாறு எடுத்தது. மொத்தம் முப்பதுக்கு. கோயிலடி அதற்கு அடுத்தது. கண்டல் ஓடைக்குக்கூட, மழை முடிந்ததும் பூநாரைகள் வந்து இறங்குவதைப் பார்க்கப் போவோம் என்று ஆட்கள் சொன்னதால், அழகில் நான்கு கிடைத்தது.

பின்னேரம் உடைவெட்டைக்குப் போனேன். வெயில் சாயத் தொடங்கியதும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து குற்றிகளில் இருந்தார்கள். எல்லாரும் தெற்கே, பாதை வளையும் பக்கத்தைப் பார்த்தபடி. பெரிதாகக் கதை இல்லை. காற்றில் உடைமுள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நீளமான குற்றியில் இடம் இருந்தது. போய் இருந்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையைத் தொட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பொட்டு, காலில் வயற்சேறு காய்ந்திருந்தது.

"தங்கச்சி, அதில இல்லை. இஞ்சால வாங்கோ."

"எறும்போ அக்கா?"

"இல்லை."

"பின்னை?"

"சும்மாதான்."

எழும்பி அவளுக்கு மற்றப் பக்கம் போய் இருந்தேன். அங்கிருந்தபடியே எட்டுப் பேரிடம் கேட்டேன். ஏன் இங்கே வருகிறீர்கள்? சும்மா. அழகாக இருக்கிறது என்றா? இந்த முள்ளோ என்று ஒருவர் சிரித்தார். ஓய்வுக்கா? ஓய்வென்றால் வீட்டில் படுக்கலாமே என்றார் இன்னொருவர். அப்படியென்றால் ஏன்? சும்மாதான் பிள்ளை. எட்டுப் பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். நானும் ஏழாவது வரியில் எட்டுத் தடவை சரி போட்டேன்.

என்னை யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. கந்தோர் பெரியவரிடம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவை என்ற பட்டியலில் எழுதக்கூட இல்லை. சும்மா என்றால் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, பெருந்தெருவுக்கு நடந்து போய் பஸ் பிடித்தேன்.

படிவத்தின் இரண்டாம் பக்கம் பாவனை வரைபடம். ஒவ்வொரு இடத்திலும் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று மூன்று நாட்கள் குறிக்க வேண்டும். கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியின் பிழை மூன்று மீற்றருக்கு மேல். ஓர் ஆளின் அகலம் அதற்குள் காணாமற்போய்விடும். அதனால் அளவுநாடா கொண்டு போய், உடைமரங்களிலிருந்து தூரம் எடுத்துக் கையால் வரைந்தேன். மூன்று பின்னேரங்கள், மூன்று தாள்கள்.

புள்ளிகளைக் கூட்டி முடித்தேன். உடைவெட்டைக்குப் பூச்சியம். அடுத்த மாதம் பெக்கோ இயந்திரம் வந்து மரங்களைத் தள்ளி நிலத்தை மட்டப்படுத்தும் என்று ஊருக்குக் கடிதம் போயிற்று. களஞ்சியத்தின் சுவர்களைக் குறிப்பதற்காக, மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடி மேசையில் வைத்துக் கீழே விளக்கைப் போட்டேன்.

ஆட்கள் இருந்த இடங்கள் மூன்று நாளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அதில் புதினம் இல்லை. சனங்கள் ஒரே இடத்தில் இருக்கப் பழகிவிடுவார்கள். ஆனால் ஆட்கள் இல்லாத இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நான்கு இடைவெளிகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் இருக்கும் அகலம். இரண்டாம் நாள் குற்றிகளில் இடம் போதாமல் மூன்று பேர் மண்ணில் குந்தியிருந்தார்கள். அதை நானே குறித்திருந்தேன். அப்போதும் அந்த நான்கும் வெறுமையாகவே கிடந்தன. முதல் நாள் நான் போய் இருந்தது அதில் ஒன்று.

விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் போட்டேன். அவை அங்கேயே இருந்தன.

வீட்டில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா கடலுக்குப் போனார். வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள், நாள் தவறாமல் பின்னேரம் அம்மா கரைக்குப் போவார். சில நாட்களில் என்னையும் கூட்டிப் போவார். கரைக்குப் போகும் வழியில் காவலரண். "கொஹேத யன்னே?" என்று ஆமிக்காரன் கேட்பான், எங்கே போகிறாய் என்று. அம்மா "சும்மா" என்பார். காரணம் எதையாவது சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி வரும். யார், எப்போது, எந்த வள்ளம், எந்தத் திசை. சும்மா என்ற சொல்லோடு கேள்வி நின்றுவிடும். கடைசியில் அவர்களே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களைக் கண்டதும், "சும்மாத?" என்று சிங்களமாக்கிக் கேட்டுக் கையைக் காட்டிவிடுவார்கள்.

"அம்மா, முந்தி நீங்கள் ஏன் கரைக்குப் போறனீங்கள்?"

"சும்மாதான்."

"இப்ப ஏன் போறேல்ல?"

அம்மா கத்தியை வைக்கவில்லை. "அதுதான் பூசை வச்சாச்சே."

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, சொந்தக்காரர் சொல்லிச் சொல்லி, அப்பாவுக்கு, இறந்தவர்களுக்கு வைக்கும் இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அதற்குத் தேவையானவற்றைப் பட்டியல் போட்டது நான். மெழுகுதிரி, பீடத்துக்குப் பூ, வாசிக்க வேண்டிய பெயர், வருபவர்களுக்குத் தேத்தண்ணி. பெயரை நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பூசையன்று பின்னேரம் அம்மா வீட்டில் இருந்தார். அடுத்த நாளும் இருந்தார். பிறகு அவர் கரைக்குப் போனதே இல்லை. அது நல்லதென்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் லீவு எடுத்துக்கொண்டு உடைவெட்டைக்குப் போனேன். அன்று என்னை இடம் மாறி இருக்கச் சொன்ன அக்கா தன் இடத்தில் இருந்தாள். நான் மண்ணில் குந்தினேன்.

"அக்கா, நீங்கள் சும்மா எண்டு சொன்னதுக்கு நான் பூச்சியம் போட்டிட்டன்."

சிரித்தாள். "சரிதானே. சும்மாவுக்கு வேறை என்ன போடுறது?"

"அதாலதான் களஞ்சியம் இதில வருது."

"ஓம், தலைவர் கடிதம் வாசிச்சவர்." சிரிப்பு நின்றிருந்தது. "மரத்தை மட்டுமோ தள்ளுவினம், குத்தியளையும் எடுப்பினமோ?"

"எல்லாத்தையும்தான்."

பாதைப் பக்கம் திரும்பினாள். பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், அடுத்த வீட்டுக் கதை சொல்வதுபோல் சொன்னாள்.

"ஊர் வெளிக்கிட்ட நாள் உழவு மெசின் எல்லாம் இதிலதான் நிண்டது. சாமானை ஏத்தியாச்சு. மகனுக்கு அப்பதான் நினைப்பு வந்தது, கண்டுக்குட்டி கட்டினபடி நிக்குதெண்டு. 'அவிட்டு விட்டிட்டு வாறன், நீங்கள் இதில இருங்கோ அம்மா' எண்டான். பதினெட்டு வயசு. போறன் எண்டு சொல்லேல்ல, வாறன் எண்டுதான் சொன்னவன். அதுக்குள்ள செல் விழுந்து வெடிக்கத் தொடங்கிச்சு. மெசின்காரன் நிக்கேல்ல. என்னைத் தூக்கி மெசின் பெட்டிக்குள்ள போட்டினம்."

"திரும்பி வந்தபோது?"

"வீடு இல்லை. கண்டு கட்டின முளை நிண்டது. நைலோன் கயிறும் கிடந்தது." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அறுந்த கயிறில்லை தங்கச்சி. அவிட்ட கயிறு."

கன்றை அவிழ்த்தவன் பாதி வேலையை முடித்திருக்கிறான். மற்றப் பாதி, திரும்பி வருவது. அவன் இருக்கச் சொன்ன இடம் இது.

நான் படிவத்தை எடுத்தேன். இந்த ஒரு நாளுக்காகவே அந்த வரி இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். "அக்கா, ஆறாவது வரி ஒண்டு இருக்கு. அதில நீங்கள் எல்லாரும் அஞ்சு போட்டால் இந்த இடம் தப்பும்."

"என்ன வரி?"

வாசித்தேன். "இறந்தோர் நினைவு."

"ஆர் இறந்தது?"

குற்றியின் மறுகோடியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்குக் கணவன், ஒரு முதிய தம்பதிக்கு மகள்.

"நான் அவனுக்கு அந்தியேட்டி செய்யேல்ல," என்றாள் அக்கா. "ஒரு பிடி எள்ளும் தண்ணியும் இறைக்கேல்ல. ஐயரைக் கூப்பிடச் சொல்லி அண்ணன் காலில விழுந்தும் நான் செய்யேல்ல. அதை நீங்கள் கடதாசியில செய்யாதேங்கோ."

"இல்லாட்டில் மரத்தைத் தள்ளிப்போடுவினம் அக்கா."

"தள்ளட்டும். நான் களஞ்சியத்துப் படியில வந்து இருக்கிறன். காவல்காரன் கலைச்சால் பாதையில இருக்கிறன்."

படிவத்தை மடித்து வைத்தேன். ஆறாவது வரியை நிரப்பினால் இடம் தப்பும், மகன் செத்துவிடுவான். ஏழாவதை அப்படியே விட்டால் மகன் இருப்பான். அவன் தேடி வரும் இடம் இருக்காது. இரண்டு வரிகளையும் நான்தான் தட்டச்சுச் செய்திருந்தேன்.

கந்தோர் பெரியவர் வேறு மாவட்டத்துக்காரர். தன் ஊரைப் பற்றி ஒருநாளும் கதைக்க மாட்டார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"பூச்சியத்தை மாத்திறதெண்டால் வேறை ஒரு வரி வேணும் பிள்ளை. புதுசா ஒரு வரியை இப்ப சேர்க்கேலாது. மற்ற ஊருகளுக்கும் இதே படிவம்தானே போயிருக்கு."

"வரி வேண்டாம் சேர். வரைபடத்தை மாத்தலாம்."

வரைபடங்களுக்கு ஒரு குறியீட்டுப் புத்தகம் இருக்கிறது. கிணறு, கோயில், மதகு, பாடசாலை, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு அடையாளம், ஒவ்வொரு வரைவிலக்கணம். ஏற்கெனவே பொதுப் பாவனை அடையாளம் உள்ள நிலத்தைக் கட்டடத்துக்கு எடுக்கக்கூடாது என்பது விதி. இரவோடிரவாக அல்ல, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வரிவரியாக வாசித்திருந்தேன். முப்பத்தோராவது குறியீட்டை அவருக்குக் காட்டினேன். தரிப்பிடம்: ஆட்கள் காத்திருக்கும் பொது இடம். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அதில் இல்லை.

"அந்தப் பாதையால பஸ் போறேல்லையே?"

"இப்ப போறேல்ல சேர்."

"முந்திப் போனதோ?"

"உழவு மெசின் நிண்டது. கடைசியா ஏறினது அதிலதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு வரைபடத்தை இழுத்து, நான் பென்சிலால் போட்டிருந்த சிறிய அடையாளத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

களஞ்சியம் அடுத்த குறைந்த புள்ளி எடுத்திருந்த பள்ளிக்கூடத் திடலுக்குப் போயிற்று. பாதிக்கு மேல் விளையாட்டு நிலம் போய்விட்டது. அதுவும் நான் செய்ததுதான். வயலிலிருந்து அது தூரம். அங்கே நெல்மூடை சுமந்த முதல் அறுவடைக்குப் பிறகு தலைவர் என்னைக் கண்டபோது, "உம்முடைய கணக்கால என்ரை முதுகுக்குத்தான் பூச்சியம்," என்றார். ஆனால் யாருக்காக மாற்றினேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

வரைபடங்கள் கையைவிட்டுப் போனால் யார் யாரோ பார்ப்பார்கள். ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு திட்டத்துக்காரர் எங்கள் வரைபடத்தைப் பார்த்து, தரிப்பிடம் என்று போட்டிருக்கிறது, அங்கே கூரை இல்லையே என்று, உடைமரங்களின் நடுவில் சீமெந்து இருக்கையும் தகரக் கூரையும் கட்டிவிட்டார்கள். நீல நிறப் பூச்சு. கட்டிடங்களைச் சரிபார்க்கும் பட்டியலில் அதுவும் வந்தது. போனேன்.

எல்லாரும் இருக்கையில் இருந்தார்கள். பனங்குற்றிகளைப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். துணி மூட்டையோடு மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு வெளியூர் வியாபாரி, நிறுத்தி, "அக்கா, இதால பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"நேரம் தெரியாது தம்பி," என்றாள் அக்கா.

"ஆனா வருமோ?"

"வரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முதிய தம்பதியில் கிழவர் மட்டும் மெல்லச் சிரித்தார். "பாவம், பஸ்ஸைத்தான் சொல்லுறம் எண்டு நினைச்சிட்டான்," என்றார். பிறகு எல்லாரும் பழையபடி பாதையைப் பார்த்தார்கள். இருக்கையில் இடைவெளிகள் இருந்தன. எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

"ஏன் தங்கச்சி இவ்வளவு தூரம்?"

"இருக்கையை அளக்க வந்தனான் அக்கா. நீளம் எழுதவேணும்."

"அளவுங்கோ."

அளவுநாடாவின் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். அவளிடம் கொடுத்தேன். நான் மறுகோடிக்கு நடந்தேன். நாடாவை இருக்கையோடு ஒட்டிப் பிடித்தால்தான் அளவு சரியாக வரும். இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வழிவிட்டார்கள். அக்கா தன் பக்கத்து வெற்றிடத்துக்கு மேலே மட்டும் நாடாவை ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள், யாருடைய மடியிலும் பட்டுவிடாமல். நான் இழுக்கவில்லை. அப்படியே வாசித்து எழுதிக்கொண்டேன்.